ஆச்சியின் வலது கண்

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு கண் மருத்துவரின் கிளினிக். மாலை நேரம். சுவரோரப் பெஞ்சில் ஏழெட்டுப் பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். பாப்பா விரிவதற்குச் சொட்டு மருந்து விட்டாயிற்று. நன்றாக விரிய அரை மணி நேரமாகும், அதுவரை திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு நர்ஸ் உள்ளே போய்விட்டாள். மூடிய கண்களோடு பேச்சு மட்டும் ஓடுகிறது. குன்றக்குடியில் இந்த வருஷம் கூட்டம் எப்படி, கானாடுகாத்தானில் யார் வீட்டை சினிமாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள், யாருக்குப் புரை எடுத்து என்ன லென்ஸ் வைத்தார்கள். புரைப் பேச்சுதான் அதிகம்.

கடைசியில் இருக்கும் ஆச்சி பேச்சில் சேரவில்லை. 52 வயது. தேவகோட்டைப் பக்கத்து ஊர். மூத்த மகன் சென்னையிலிருந்து வந்து கூட இருக்கிறார். நான் அடுத்த வீட்டுக்காரன். படிவம் நிரப்ப, மருந்துச் சீட்டு வாசிக்க ஓர் ஆள் இருக்கட்டும் என்று கூப்பிட்டார்கள். மற்றபடி வாயைத் திறக்க எனக்கு அங்கே அவசியமில்லை.

ஆச்சி வந்த காரணம் எண்ணெய்க் குளியல். வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்து முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறார். சீயக்காய் இடது கண்ணில் விழுந்துவிட்டது. அதை இறுக மூடிக்கொண்டு, செம்பை எடுக்கக் குனிந்தால் செம்பு இல்லை. செம்பு இருந்த தரையும் இல்லை. எதிரே தூணின் மேல்பாதியும் ஓட்டுச் சாய்ப்பும் தெளிவாகத் தெரிகின்றன. கீழே எல்லாம் சாம்பல் நிறமாக அடைத்துக் கிடக்கிறது. இடது கண்ணைக் கழுவித் திறந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. சரியாகிவிட்டதால் மேலும் இரண்டு மாதம் போனது.

ஆச்சிக்கு வந்திருந்த நோயின் குணம் அது. வலியில்லை, சிவப்பில்லை, பீளையில்லை. ஒரு கண் விட்ட இடத்தை மறு கண் நிரப்பிவிடும். சிலருக்கு இருட்டில் ஓரத்தில் மின்னல் வெட்டும், சிலருக்குப் பூச்சி பறக்கும், சிலருக்கு நேர்கோடு வளைந்து தெரியும். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. கண்ணாடி மாற்றப் போன இடத்தில்தான் தெரியவரும்.

டாக்டர் இளவயதுப் பெண். ஸ்லிட் லாம்ப்பில் ஆச்சியின் தாடையை வைக்கச் சொல்கிறார்.

"புரைதானேத்தா?"

"அசையாம இருங்க ஆச்சி."

இடது கண்ணைச் சீக்கிரம் முடித்துவிட்டார். வலது கண்ணில் நிறுத்திவிட்டார். பிறகு விளக்கை அணைத்து, தலையில் மாட்டும் ஒளிக்கருவியைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு லென்ஸைப் பிடித்து, "மேல பாருங்க… இன்னும் மேல… வலப்பக்கம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். மகன் எழுந்து நிற்கிறார். ஆச்சிக்குக் கண் கூசி நீர் வழிகிறது. டாக்டர் நிறுத்தவில்லை.

அவர் பிறகு ஒரு காகிதத்தில் வட்டம் போட்டு மகனுக்கு வரைந்து காட்டியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். வட்டத்துக்குள், மேல்பகுதியில், கரும்பழுப்பு மேடு. விழித்திரைக்குப் பின்னால் ரத்தக்குழாய்கள் நிறைந்த ஒரு படலம் இருக்கிறது. கோராய்ட் என்பார்கள். அந்த மேடு அதிலிருந்து எழும்பியிருக்கிறது. மேட்டின் மேல் ஆரஞ்சு நிறத் திட்டுகள். அதைச் சுற்றி விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருக்கிறது. கண்ணுக்குள் விழும் பிம்பம் தலைகீழானது. மேலே இருக்கும் கட்டி கீழே இருக்கும் தரையை மறைத்தது அதனால்தான்.

"மச்சம் மாதிரி ஒண்ணு கண்ணுக்குள்ளயும் வரும். அது தட்டையா இருக்கும், வருஷக் கணக்குல அப்படியே கிடக்கும். இது ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல உயர்ந்திருக்கு, நீர் கோத்திருக்கு, ஆரஞ்சு நிறம் படிஞ்சிருக்கு, பார்வையையும் தொட்டிருக்கு. இது மச்சம் இல்லைன்னுதான் எனக்குத் தோணுது" என்கிறார் டாக்டர்.

பி ஸ்கேன் எடுத்தார்கள். மூடிய இமையின் மேல் ஜெல் தடவி ஒரு கருவியை வைக்க, திரையில் கண்ணின் குறுக்குவெட்டு வருகிறது. குவிமாட வடிவம். உயரம் 4.8 மில்லிமீட்டர், அடிப்பாகம் 11. ஒலியலை உள்ளே போகப் போக மங்கி, கட்டியின் நடு வெற்றிடம்போல் கறுத்துத் தெரிகிறது. மெலனோமா என்ற, நிறமிச் செல்களில் தொடங்கும் புற்றின் அடையாளங்களில் அதுவும் ஒன்று. இன்னும் வளர்ந்து, மேலே மூடியிருக்கும் சவ்வைக் கிழித்துக்கொண்டால் காளான் வடிவம் எடுக்கும். ஆச்சியினுடையது அந்த நிலைக்குப் போகவில்லை.

சதையைக் கிள்ளிச் சோதிக்க வேண்டாமா என்று மகன் கேட்டார். உடம்பின் மற்ற இடங்களில் புற்றுநோய் என்றால் அதுதான் முதல் வேலை. இங்கே பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. கண் வெட்டாமலே உள்ளே எட்டிப் பார்க்க முடிகிற உறுப்பு. பழகிய மருத்துவர் பார்த்தும் ஸ்கேன் செய்தும் சொல்வது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாக இருக்கும்.

"வெயில்ல அலைஞ்சதாலயா?" என்று ஆச்சி கேட்டார். சிவகங்கைச் சீமையில் எந்த நோய்க்கும் வெயிலைச் சொல்லலாம். இதற்கு அப்படிச் சொல்லச் சான்று போதாது. தோலில் வரும் மெலனோமாவுக்கு வெயில் பெரிய காரணம். கண்ணின் உட்புறத்தில் வருவதோடு அதற்குள்ள உறவு உறுதிப்படவில்லை. இரண்டும் ஒரே நிறமிச் செல்லில் தொடங்கினாலும் வளரும் விதம் வேறு, மரபணுக் கோளாறும் வேறு. கண்ணில் வருகிறவற்றில் மிகப் பெரும்பாலானவற்றின் தொடக்கம் ஜிஎன்ஏக்யூ, ஜிஎன்ஏ11 என்ற இரண்டு மரபணுக்களில் ஒன்றில் நேரும் பிழை. 2009-ஐ ஒட்டிக் கண்டறிந்த செய்தி அது. வெளிர்நிறத் தோலும் நீலக் கண்ணும் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். வெள்ளையரிடையே ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஐந்தாறு பேருக்கு வருகிறது. ஆசியரிடையே பத்து லட்சத்தில் ஒருவருக்கும் குறைவு. நம்மவர்களில் கவனிக்க வேண்டியவர்கள் பிறவியிலேயே ஒரு கண்ணின் வெள்ளையிலும் அதைச் சுற்றிய தோலிலும் நீலச்சாம்பல் படிந்தவர்கள். ஓட்டா மச்சம் என்று பெயர். பார்ப்பதற்கு அழகுக் குறை என்று மட்டும் நினைத்துப் பவுடர் பூசி மறைக்கிற பெண்களை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் ஆண்டுக்கொரு முறை கண்ணின் உட்புறத்தைக் காட்டிக்கொள்ள வேண்டும்.

அரிய நோய் என்பதால் நம் ஊருக்கு வராது என்று ஆகிவிடாது. சென்னை சங்கர நேத்ராலயாவின் ஜோதிர்மய் பிஸ்வாஸ் குழுவினர் 2004-இல் 103 இந்திய நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். மேல்நாடுகளில் அறுபதை ஒட்டி வரும் இந்த நோய் இங்கே நாற்பதுகளின் நடுவிலேயே வந்திருந்தது. குழந்தைகளுக்கு வரும் கண் புற்றான ரெட்டினோபிளாஸ்டோமாவைப் பற்றிக் கொஞ்சமாவது பேசுகிறோம். வளர்ந்தவர்களின் கண்ணுக்குள்ளேயே தொடங்கும் புற்றுகளில் முதலிடம் மெலனோமாவுக்கு. அதைப் பற்றித் தமிழில் பேச்சே இல்லை.

பெஞ்சில் கேட்ட புரைப் பேச்சை நான் குறையாகச் சொல்லவில்லை. 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய பிறகு, ராமநாதபுரம், சிவகங்கைக் கிராமங்களுக்குள் முகாம் பஸ் வந்த பிறகு, புரையால் குருடாகி மூலையில் கிடந்த தலைமுறை மறைந்தது. அவ்வளவு பெரிய காரியம் நடந்த மண்ணில் ஒரு பக்கவிளைவும் நேர்ந்தது. ஐம்பது வயதுக்கு மேல் பார்வை மங்கினால் அது புரை, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வீடு தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். கட்டியே லென்ஸை அழுத்திப் புரையை உண்டாக்குவதும் உண்டு. புரை முற்றிப் பின்புறம் தெரியாத கண்ணை அறுவைக்கு முன் பி ஸ்கேனில் பார்த்தே ஆக வேண்டும். இதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டும் என்ற ஆத்திரம் எனக்கு உண்டு.

சிகிச்சைக்குக் காலை பல்லவன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போனோம். ஆச்சி ஜன்னலோரம். செட்டிநாடு ஸ்டேஷன் தாண்டும்வரை இடது கண்ணைக் கையால் மூடியும் திறந்தும் பார்த்துக்கொண்டே வந்தார். அதன்பின் பார்ப்பதை விட்டுவிட்டு, கொண்டுவந்த இட்லியை எல்லோருக்கும் எடுத்து வைத்தார்.

பெரிய மருத்துவமனையில் கண் புற்றுநோய்ப் பிரிவின் வராண்டா. அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கொத்தனார், நாற்பது வயதிருக்கும். ஒரு கண் சிவந்து வீங்கி, பாப்பா சாம்பல் பூத்திருக்கிறது. மனைவி ஒரு துணிப்பையில் காலிச் சொட்டு மருந்துப் புட்டிகளைச் சேர்த்து எடுத்து வந்திருக்கிறாள். எல்லாம் மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கியவை. முதலில் மங்கல், பிறகு சிவப்பு, பிறகு தாங்க முடியாத வலி. வலி வந்தபோதுதான் டாக்டரிடம் போயிருக்கிறார். கட்டி கண்ணை நிறைத்து உள்ளழுத்தம் ஏறிவிட்டது. கண்ணை எடுப்பதைத் தவிர வழியில்லை.

"எடுத்துட்டா பொழைச்சுக்குவாரா?" என்று மனைவி கேட்கிறாள்.

"வலி போயிரும்மா. கட்டியும் போயிரும். வெளிய பரவியிருக்கான்னு வயித்த ஸ்கேன் பண்ணிச் சொல்றோம்."

கொத்தனார் வேறு கேள்வி கேட்டார். ஒற்றைக் கண்ணோடு சாரத்தில் ஏறலாமா? டாக்டர் மழுப்பவில்லை. ஆழம் கணிக்கப் பழகுவதற்கு மாதங்கள் ஆகும், அதுவரை உயரத்தில் ஏறாதீர்கள் என்றார். எடுத்த இடத்தில் ஒரு உருண்டையை வைத்து, கண்ணை அசைக்கும் தசைகளை அதோடு தைத்துவிடுவார்கள். ஆறு வாரம் கழித்து, மற்ற கண்ணைப் பார்த்து நிறம் தீட்டிய செயற்கைக் கண்ணைப் பொருத்துவார்கள். எதிரே நிற்பவருக்குப் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது. கொத்தனார் இதைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. மனைவி பையிலிருந்த புட்டிகளை ஒவ்வொன்றாகக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

ஒரு காலத்தில் ஆச்சிக்கும் இதே சிகிச்சைதான் சொல்லியிருப்பார்கள். கண்ணுக்குள் மெலனோமா என்றால் கண்ணை எடு என்பது நூறாண்டு வழக்கம். அதை மாற்றிய ஆய்வு அமெரிக்காவிலும் கனடாவிலும் 1980-களில் தொடங்கியது. நடுத்தர அளவுக் கட்டியுள்ள 1,317 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்குக் கண்ணை எடுத்தார்கள், மறு பாதியினருக்குக் கதிரியக்கத் தகடு வைத்தார்கள். 2001-இல் முடிவு வந்தது. ஐந்து ஆண்டில் இறந்தவர்கள் கண்ணை எடுத்தவர்களில் நூற்றுக்கு 19, தகடு வைத்தவர்களில் 18. கண்ணை எடுத்ததால் ஒருவரும் கூடுதலாகப் பிழைக்கவில்லை. தன் கண்ணை எடுப்பார்களா மாட்டார்களா என்பதைக் குலுக்கலுக்கு விட்ட அந்த 1,317 பேரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஆச்சியின் கண் அவர்கள் கொடுத்தது.

தகட்டைக் காட்டினார்கள். உண்மைத் தகடு ஈயப் பெட்டிக்குள் இருக்கும், இது மாதிரி. விரல்நுனி அளவில் குழிந்த வெள்ளி, ஒரு மில்லிமீட்டர் கனம். அதன் குழிந்த பக்கத்தில் ருத்தேனியம்-106 பூசியிருக்கும். அதிலிருந்து கிளம்பும் பீட்டா கதிர் சில மில்லிமீட்டர் ஆழம் மட்டுமே போகும். கட்டியைச் சுட்டுவிட்டு மூளைப் பக்கம் எட்டாமல் அடங்கிவிடும். ஐந்தாறு மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்த கட்டி என்றால் இந்தக் கதிர் உச்சியை எட்டாது. அங்கே அயோடின்-125 விதைகள் பதித்த தகடு வேண்டும். அந்த விதைகளை பாபா அணு ஆராய்ச்சி மையம் இங்கேயே செய்து கொடுத்து, சங்கர நேத்ராலயாவில் பயன்படுத்தினார்கள். ருத்தேனியத் தகடோ வெளிநாட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பிறகு டிராம்பேயில், அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளின் கழிவிலிருந்து ருத்தேனியத்தைப் பிரித்து இங்கேயே தகடு செய்யத் தொடங்கினார்கள். கொட்ட இடமில்லாமல் காவல் போட்டு வைத்திருந்த கழிவில் கண்ணைக் காக்கும் மருந்து கிடந்திருக்கிறது. நம் அணு விஞ்ஞானிகள் செய்தவற்றில் ஊர்தோறும் மேடை போட்டுச் சொல்ல வேண்டியது இது.

தகடு வைக்கும் முன் ஊசியால் கட்டியிலிருந்து சில செல்களை எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பலாம், விருப்பம் இருந்தால் என்றார்கள். நோய் இன்னதென்று அறிய அல்ல. அது பரவக்கூடியதா என்று அறிய. மூன்றாம் குரோமோசோம் இரண்டில் ஒன்று கட்டிச் செல்களில் தொலைந்துபோயிருந்தால் பரவும் ஆபத்து கூடுதல். மகன் தயங்கினார். தெரிந்துகொண்டு என்ன செய்வது, ஆத்தா நிம்மதி கெட்டுப்போகுமே என்றார்.

ஆச்சி டாக்டர் பக்கம் திரும்பி, "எடுத்துப் பாருங்க தம்பி. பற்று வரவு தெரியாம எப்படி ஐந்தொகை எழுதறது?" என்றார். வட்டிக்கடைக் கணக்கு எழுதிய குடும்பம். டாக்டருக்கு ஐந்தொகை என்றால் வரவு செலவு இருப்புக் கணக்கு என்று தெரிந்திருக்காது. ஆனாலும் புரிந்துகொண்டார்.

அறுவை அரங்கில் விழியின் வெண்படலத்தில், கட்டிக்கு நேர் மேலே, தகட்டை வைத்துத் தைத்தார்கள். கட்டியின் நிழல் எங்கே விழுகிறது என்று கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்த்து எல்லை குறித்த பிறகே தையல். நான்கு நாள் இருக்கட்டும் என்று இயற்பியலாளர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். கட்டியின் உச்சிக்கு இத்தனை கிரே அளவு கதிர் சேர வேண்டும், தகட்டின் வீரியம் இன்று இவ்வளவு, அதற்கு இத்தனை மணி நேரம் என்று மணிக்கணக்கில் வரும் கணக்கு. ருத்தேனியம் ஓராண்டில் பாதி வீரியம் இழக்கும். ஒரே தகடு அடுத்த மாதம் இன்னொருவருக்கு வைக்கப்படும்போது இன்னும் சில மணி நேரம் கூடும்.

அந்த நான்கு நாளும் தனி அறை. கண்ணுக்கு மேல் ஈயக் கவசம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உள்ளே வரக் கூடாது. மருமகள் ஏழாம் மாதம். வாசலில் நின்று, "ஆச்சி, வலிக்குதா?" என்று கேட்டாள். "அங்கனயே நில்லு. வாசப்படி தாண்டாதே" என்று ஆச்சி போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடி வந்துவிட்டாள். கண் உறுத்துகிறது என்று சொல்லிவிட்டு, பிறகு மருமகள் மதியம் சாப்பிட்டாளா என்று விசாரித்தார். நாலாம் நாள் தகட்டை எடுத்துத் தையலைப் பிரித்தார்கள்.

கட்டி கரைந்துவிடும் என்று நினைத்திருந்தோம். அப்படி இல்லை. மெல்லச் சுருங்கும். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் சுருங்கி ஒரு தழும்பாக நிற்கும். பத்தில் ஒன்பது பேருக்கு அந்தக் கண்ணில் கட்டி மறுபடி வளர்வதில்லை. பார்வை வேறு கணக்கு. கதிர் பட்ட விழித்திரையின் நுண்குழாய்கள் பின்னாளில் கசியும். புரை வரும். பார்வை நரம்புக்கு அருகில் கட்டி இருந்தால் சேதம் கூடும். ஊசி போட்டுத் தள்ளிப்போடலாம், முழுக்கத் தடுக்க முடியாது. "உங்களுக்குக் கட்டி நரம்புல இருந்து தள்ளி இருக்கு. இருக்கிற பார்வையைக் காப்பாத்தப் பாக்கலாம். போன தரை திரும்ப வராது ஆச்சி" என்று டாக்டர் நேராகச் சொன்னார். ஆச்சி தலையசைத்தார்.

ஈரலைப் பற்றி டாக்டர் கடைசியில்தான் பேசினார். கண்ணுக்குள் நிணநீர்க் குழாய்கள் இல்லை. செல் தப்பிப் போனால் ரத்தத்தின் வழியாகத்தான் போகும். பரவியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஈரலில் தெரிகிறது. கண்ணில் சிகிச்சை வென்ற பிறகும், காலப்போக்கில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அப்படி நேர்கிறது. சிலருக்குப் பத்தாண்டு கழித்தும். நரம்பியல் மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் சாக்ஸுக்கு 2005-இல் வலது கண்ணில் இதே நோய் வந்து கதிரியக்கம் கொடுத்தார்கள். பார்வை போவதை நாளும் குறித்துவைத்து 2010-இல் ஒரு புத்தகத்தில் எழுதினார். ஒன்பது ஆண்டு நலமாக இருந்தவருக்கு 2015 தொடக்கத்தில் ஈரலில் பரவியது தெரிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் மறைந்தார். பரவிய நோய்க்கு நெடுங்காலம் மருந்தென்று சொல்ல ஒன்றும் இருந்ததில்லை. டெபென்டாஃபஸ்ப் என்ற நோயெதிர்ப்பு மருந்துக்கு 2022 ஜனவரியில் அமெரிக்கா அனுமதி தந்தது. ஆயுளைக் கூட்டுவதாக நிரூபித்த முதல் மருந்து. குறிப்பிட்ட ஒரு திசுவகை உள்ளவர்களுக்கு மட்டுமே பயன்படும், விலையோ நினைத்துப் பார்க்க முடியாதது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஈரலை ஸ்கேன் செய்யச் சொல்வது, பரவினாலும் சின்னதாக இருக்கும்போதே பிடித்து, வெட்டவோ சுடவோ வழி இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

சோதனை முடிவு வந்தது. மூன்றாம் குரோமோசோம் இரண்டும் இருந்தன. மகன் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார். ஆபத்து குறைவு, இல்லை என்று ஆகாது, ஸ்கேனை விடக் கூடாது என்றார் டாக்டர்.

ஆச்சிக்கு வேறு கவலை. "பொறக்கப்போற பிள்ளைக்கு இது வருமா தம்பி?"

பெரும்பாலும் குடும்பத்தில் இறங்குவதில்லை என்றார் டாக்டர். பாப்1 என்ற மரபணுவில் பிழையோடு பிறக்கும் சில குடும்பங்கள் உண்டு, மிகக் குறைவு. அந்தக் குடும்பங்களில் கண்ணோடு சிறுநீரகத்திலும் தோலிலும் நுரையீரல் உறையிலும் புற்று வரும். "உங்க வீட்டுல யாருக்காவது அப்படி ஏதாவது?"

ஆச்சி நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். ஐயா ரங்கூனிலிருந்து நடந்தே வந்து சேர்ந்து, எண்பத்தொன்றில் தூக்கத்தில் போனது. அப்பத்தாவுக்குச் சர்க்கரை. பெரியப்பச்சிக்குப் பினாங்கில் மாரடைப்பு. ஆயா வீட்டுப் பக்கம் ஒருவருக்கு வாயில் புற்று, புகையிலை போடுவார். அம்மான் நால்வரில் ஒருவர் காசத்தில், இருவர் வயதாகி, ஒருவர் இன்னும் இருக்கிறார். எந்தக் கோவில், எந்தப் பிரிவு என்று பங்காளிகள்வரை போனார். டாக்டர் இடையில் வெட்டாமல் எழுதிக்கொண்டே வந்தார். ஒரு பக்கம் நிறைந்து மறுபக்கம் திரும்பியது.

"கண்ணு, சிறுநீரகம், ஒண்ணுமில்ல ஆச்சி. இதுல பயப்பட ஏதுமில்ல."

"அப்ப சரி" என்றார் ஆச்சி. அடுத்த ஸ்கேன் ஆடி மாதம் வருகிறது. ஆடியில் வேண்டாம், ஆனியிலேயே வந்துவிடுகிறேன் என்று தேதியை மாற்றி எழுதச் சொன்னார்.